டீலரிடம் வாங்கிய பழைய காரில் குறை தெரிந்தால்

கோளாறு தெரிந்த உடனே பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். பாகத்தைக் கழற்றி மாற்றினால் ஆதாரமும் அதோடு போய்விடும். முதலில் வீடியோ எடுங்கள். மீட்டரும் சேஸிஸ் எண்ணும் அதில் தெரிய வேண்டும்.

நெல்லைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் வெள்ளத்தில் மூழ்கியதா என்று பார்த்தே ஆகவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கறை தெரியும். சீட்டைக் கழுவுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். ஸ்டெப்னி குழியைத் தடவி, வண்டல் ஒட்டுகிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஒயரிங் கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா? மாதங்கள் கழித்து பவர் விண்டோ, சென்சார் என்று ஒவ்வொன்றாக மக்கர் செய்வது இதனால்தான். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது, அதைத் தொடாதீர்கள்.

ஆயில் குச்சியில் பாலாடை போல ஒட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) போய், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள். கிலோமீட்டரில் சந்தேகமா? கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவைக் கேளுங்கள்.

டீலருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் குறையும் செலவும் தேதியோடு எழுதி வாங்குங்கள். அதன் நகலோடு, 15 நாளில் சரிசெய்யவோ பணம் தரவோ கேட்டு டீலருக்கு ஒப்புகையுடன் தபால் அனுப்புங்கள். போனில் பேசியது நிற்காது. மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும், தெரிந்தே மறைத்ததைக் கேட்கலாம்.