மாரி முடிந்ததும் றோசாவை வெட்டுங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில், றோசா வளர்க்கும் எங்கள் கூட்டத்துக்கு முக்கியமான நாள், தைப்பொங்கலுக்குப் பிறகு மழை விட்ட ஒரு ஞாயிறுதான். ஒருவர் வளவில் கூடி எல்லாருமாக வெட்டுவோம். புதிதாக வருபவர்களின் கையிலேயே கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவேன். சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் இந்த வேலை பிடிபடாது.

முதலில் பட்ட கொப்பு, அப்புறம் ஒன்றோடொன்று உரசும் கொப்பு. மிச்சத்தை, வெளிப்பக்கம் பார்க்கும் முளைக்குக் கால் அங்குலம் மேலே சரிவாக வெட்டுங்கள். வெட்டிய இடம் உள்ளே வெள்ளையாக இருக்கவேண்டும். மண்ணிறமென்றால் இன்னும் கீழே போங்கள். ஒட்டுக்கு, அதாவது நல்ல றோசாவை அடிச்செடியோடு இணைத்த இடத்துக்கு, கீழே கிளம்பும் தளிரை வெட்டினால் மறுபடி வரும். மண்ணைக் கிளறி அடியோடு பிய்த்தெடுங்கள். விட்டால் ஒட்டிய செடி நலிந்து, அடிச்செடிதான் மிஞ்சும்.

கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், பசளைக் குழியில் போடவேண்டாம்.

எங்கள் மணலில் தண்ணீர் நிற்காது. மக்கிய மாட்டெருவும் கழுவிய தும்புத்தூளும் தாராளமாகப் போடுங்கள். வாவிப்பக்கக் கிணறு உவரென்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் காலையிலேயே அடியில் ஊற்றுங்கள், இலையில் அல்ல.

வெட்டியதில் பென்சில் பருமனான நல்ல கொப்புகளை எறியாதீர்கள். பக்கத்து வளவில் நட ஆள் இருக்கும்.