லென்ஸைத் திருப்பினால் மேக்ரோ

சிறிய பொருளை மிக அருகில் பெரிதாகப் படம்பிடிக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன், உங்கள் 50 மி.மீ. லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் கேமராவுக்குள் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துப் பாருங்கள். செம்பருத்தியின் மகரந்தம் மணிமணியாகத் தெரியும்.

பெரிய காட்சியைச் சுருக்கி, சிறிய சென்சாரில் விழவைப்பதுதான் லென்ஸின் வேலை. திருப்பிவிட்டால் அதே கண்ணாடி சிறியதைப் பெரிதாக்குகிறது. 50 மி.மீ.யில் கிட்டத்தட்ட 1:1 அளவு கிடைக்கும், அதாவது பொருளின் நிஜ அளவிலேயே சென்சாரில் பிம்பம் விழும். 18-55 ஜூம் லென்ஸை 18-இல் வைத்தால் இன்னும் பெரிதாகும், ஆனால் கை லேசாக ஆடினாலும் படம் போச்சு.

கேமராவை எம் (மேனுவல்) மோடில் வையுங்கள். ஃபோகஸ் வளையத்தை மறந்துவிட்டு, கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, மாற்றும் வளையம் உள்ள பழைய லென்ஸ்தான் இதற்கு வசதி. வளையம் இல்லாத கேனான் இஎஃப் லென்ஸ் என்றால், அபர்ச்சரை எஃப்/8-இல் வைத்து, துளையை அந்த அளவுக்குச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவ்யூ பட்டனை அழுத்தியபடியே கழற்றுங்கள். அபர்ச்சர் அப்படியே நிற்கும். பிடித்துப்போனால், லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பொருளுக்குச் சில சென்டிமீட்டர் அருகே போக வேண்டும் என்பதால் பட்டாம்பூச்சிக்குச் சரிவராது. தூசி பறக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம், சென்சார் திறந்து கிடக்கும். லென்ஸ் கழற்ற முடியாத கேமராவுக்கும் இது பொருந்தாது.