பழைய காருக்குப் பழைய நம்பர் பிளேட்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஃபியட்டையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தவர்கள்கூட நம்பர் பிளேட்டில் சறுக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு, அந்தக் காலத்து எண் மாதிரி ஒன்றைத் தாமே சூட்டிக்கொள்வது. எம்.எஸ்.ஆர். என்று போட்டால் கெத்துதான். ஆனால் ஆர்.சி. புக்கில் அது இல்லாவிட்டால் போலி நம்பர், போலீஸ் வழக்கு.

வாங்கும்போதே பிளேட்டை நம்பாதீர்கள். காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அது ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

'டி.என்.' என்று தொடங்கி மாவட்ட எண்ணோடு வரும் முறை 1989 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்தும் எண்ணும் மட்டும்தான். மெட்ராஸ் மாநிலக் காலத்தில் அது 'எம்' எழுத்தில் தொடங்கும். தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகு டி வந்தது. தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777. அதற்காக 1958 மாடல் காரில் டி எழுத்தைக் கண்டதும் போலி என்று சொல்லிவிட வேண்டாம். வெளிமாநிலத்திலிருந்து பிற்பாடு இங்கே வந்து மறுபதிவான வண்டியாகவும் இருக்கலாம்.

அடுத்தது நிறம். அன்று சொந்தக் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. வெள்ளைப் பலகை 2000களில் வந்த மாற்றம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்களும் கறுப்பு ஸ்டிக்கரில் கம்ப்யூட்டர் எழுத்தை ஒட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். தகரத்தில் எனாமல் அடித்து, பிரஷ் பிடிக்கத் தெரிந்த போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவரைப் பிடித்து எழுதச் சொல்லுங்கள். வளைவில் தூரிகை லேசாக அகன்ற தடம் இருக்குமே, அதுதான் அழகு. பழைய கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை கார் நிற்கும் படம் ஒன்று கிடைத்தால் எழுத்தின் தடிமனும் இடைவெளியும் பிடிபடும். ஆனால் இந்தப் பலகை கண்காட்சிக்கு மட்டும்தான். சாலையில் ஓட்ட இன்றைய விதிப்படி வெள்ளைப் பலகை வேண்டும். கார் என்றால் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன்.

2021இல் வந்த வின்டேஜ் விதியையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 50 வயது தாண்டிய வண்டிக்கெல்லாம் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும் வின்டேஜ் எண் வாங்கியாக வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே பதிவானது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவருக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லும். அப்படி வின்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிற எண்ணம் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.