ராசிக் குறியீட்டை யூனிகோடில் பிழையின்றிப் பதிவதும் காட்டுவதும்

ஒரு ஜாதகக் கட்டத்தையோ ராசி அட்டவணையையோ கணினியில் அமைக்கும்போது ராசிக் குறியீடுகளைப் படங்களாக ஒட்டுவதைத் தவிர்த்து, எழுத்துகளாகவே பதிவது நல்லது. படத்தை எழுத்தாகத் தேடவோ நகலெடுக்கவோ இயலாது. எழுத்துகளுக்குப் பதிலாகக் குறிகளைக் காட்டும் விங்டிங்ஸ் போன்ற எழுத்துருக்களை நம்புவது அதைவிடவும் மோசமான வழி. அவற்றில் கடகக் குறியின் அடியில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்தே என்பதால், எழுத்துரு மாறிய கணமே ராசி மறைந்து அந்த எழுத்து வெளிப்பட்டுவிடும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் உலகத் தரமான யூனிகோடில் மேஷம் முதல் மீனம் வரையிலான பன்னிரண்டு ராசிகளும் 9800 முதல் 9811 வரையிலான குறியெண்களில் வரிசையாக அமைந்துள்ளன. மேஷத்தின் குறியெண்ணான 9800, பதினறும (16 அடிமான) முறையில் 2648 ஆகும். வேர்டு செயலியில் இந்த எண்ணைத் தட்டச்சு செய்து ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் குறியீடு தோன்றும். எச்டிஎம்எல் பக்கத்தில் ♈ என்று எழுதினால் போதும்.

இந்த வரிசை நிரல் எழுதுவோருக்குப் பெரிய வசதி. கோளின் தீர்க்காம்சத்தை (மேஷத் தொடக்கத்திலிருந்து அதன் பாகை அளவை) 30 ஆல் வகுத்து, ஈவின் முழு எண்ணை மட்டும் 9800 உடன் கூட்டினால் உரிய ராசியின் குறியெண் கிடைத்துவிடும்: 217 பாகைக்கு ஈவு 7, எனவே குறியெண் 9807, அதாவது விருச்சிகம். 2010இல் சேர்க்கப்பட்ட பாம்பாட்டி விண்மீன் குழுவின் குறி 9934இல் தனியே இருப்பதால் இந்தக் கணக்கு குலையாது.

பலரையும் குழப்புவது தோற்றமே. யூனிகோடு இந்தப் பன்னிரண்டுக்கும் இமோஜி வடிவத்தையே இயல்பாக வகுத்திருப்பதால், கோட்டு வடிவத்தை எதிர்பார்க்கும் இடத்தில் கைப்பேசி வண்ணச் சதுரத்தைக் காட்டக்கூடும். அச்சுக்குப் போகும் அட்டவணையில் அது கண்ணை உறுத்தும். குறியீட்டை அடுத்து, கண்ணுக்குத் தெரியாத 65038 என்ற தெரிவுக்குறியைச் சேர்த்து ♈︎ என்று எழுதினால் ♈︎ என்ற எளிய வடிவம் கோரப்படும்; 65039 சேர்த்தால் இமோஜி வடிவம். ஆயினும் இது கோரிக்கையே என்பதால், தேஜாவு சான்ஸ் போல அந்தக் கோட்டு வடிவம் உள்ள எழுத்துருவையும் குறிப்பிட்டுவிடுவதே பாதுகாப்பு.

தெரிவுக்குறிக்கு ஒரு விலையும் உண்டு. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மேஷம் 226, 153, 136 என்ற மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. தெரிவுக்குறி இன்னும் மூன்று பைட்டுகளைச் சேர்ப்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு மேஷங்கள் நேரடி ஒப்பீட்டில் வெவ்வேறாகிவிடும். ஆகவே தரவுத்தளத்தில் அடிப்படைக் குறியை மட்டும் சேமித்து, திரையில் காட்டும் இடத்தில் தெரிவுக்குறியை இணைப்பதே முறை.

குறியீடு சரியாகத் தெரியாவிட்டால், தெரிவதைக் கொண்டே காரணத்தை ஊகிக்கலாம். வெற்றுக் கட்டம் தோன்றினால் எழுத்துருவில் அந்த வடிவம் இல்லை. தொடர்பற்ற மூன்று குறிகள் தோன்றினால் யுடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ்-1252 என்ற பழைய குறியாக்கமாகக் கொண்டு படித்திருக்கக்கூடும் என்பதால் குறியாக்க அறிவிப்பைத் திருத்த வேண்டும். கேள்விக்குறி தோன்றினால், பெரும்பாலும் இந்தக் குறியை ஏற்காத ஒரு குறியாக்கத்துக்கு மாற்றியபோதே எழுத்து அழிந்திருக்கும். அதை மூலத்திலிருந்து மறுபடி பதிவதைத் தவிர வேறு வழியில்லை.