ஐந்து விளக்கு எரிந்தால் ஐந்து கோளாறு என்று அர்த்தமில்லை: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லிமலையிலிருந்து மழையில் இறங்கிக்கொண்டிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, மீட்டர் போர்டில் ஐந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்‌ஷன், ஹில் டிசென்ட், ஹேண்ட் பிரேக் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு, கடைசியாக ஃபோர் வீல் டிரைவைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி. பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் பிள்ளைகள். பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்ற பயத்தோடு இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரில், வண்டி பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ஏபிஎஸ் யூனிட்டையே, அதாவது அதை இயக்கும் மின்னணுப் பெட்டியையே, மாற்ற வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். "தம்பி, முதல்ல சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துடலாம்" என்றார். வலப்பக்கப் பின்சக்கரத்தின் வேக சென்சாருக்குப் போகும் வயர், கிளிப்பிலிருந்து விடுபட்டு உரசி உரசி, தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. சென்சாரையும் அதோடு வரும் வயரையும் மாற்றினோம். ஐந்து விளக்கும் அணைந்துவிட்டன.

அன்றிலிருந்து இந்த வண்டிகளின் மின்னணு விஷயங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். மஹிந்திரா தார், ஜிம்னி, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் என்று ஃபோர் வீல் டிரைவ் வாங்கும் நண்பர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். வண்டி ஆசையாக இருக்கிறது, அதன் விளக்குகள் பயமுறுத்துகின்றன. பல லட்சம் கொடுத்து வாங்கியவருக்கு வரும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நாம் செய்யும் சில காரியங்கள் நம் பணத்தையே கரைக்கின்றன.

ஒரு சென்சார் கெட்டால் ஐந்து விளக்கு ஏன் எரிகிறது? நான்கு சக்கரங்களின் வேகத்தையும் தனித்தனியாக அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. ஏபிஎஸ் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. வழுக்கலைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், மலை இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கும் ஹில் டிசென்ட், பல வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் யூனிட் என எல்லாமே அதே நான்கு எண்களை நம்பி இருக்கின்றன. ஓர் எண் வராமல் போனால் எல்லாமே வேலையை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் விளக்கைப் போடுகிறது. சாதாரண பிரேக் பெரும்பாலும் அப்படியே இருக்கும், கூடுதல் பாதுகாப்புதான் போயிருக்கும். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு மலையில் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஆனால் சிவப்பு நிற பிரேக் விளக்கு எரிந்தால் இந்தச் சமாதானமெல்லாம் வேண்டாம், வண்டியை ஓரங்கட்டுங்கள்.

இந்த யூனிட்டுகள் பேசிக்கொள்வது இரண்டே வயர்களில். முறுக்கிய ஜோடி வயரில் எல்லா யூனிட்டும் செய்தி அனுப்பும் இந்தக் கேன் பஸ் முறையை பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. ஒரே ஜோடி வயரில் எல்லாரும் பேசுவதால், ஓரிடத்தில் ஈரம் இறங்கினாலோ எர்த் தளர்ந்தாலோ, அதற்குச் சம்பந்தமே இல்லாத யூனிட்டுகூடத் தனக்குச் செய்தி வரவில்லை என்று ஒரு கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடை (code), போட்டுவிடும்.

அதனால்தான் முதல் தவறாக இதைச் சொல்கிறேன்: ஸ்கேனர் காட்டும் கோடை, வாங்க வேண்டிய பாகத்தின் பெயராகப் படிப்பது. சி0035 என்று வந்தால் இடப்பக்க முன்சக்கர வேக சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சென்சார், வயர், கனெக்டர், ஹப் பேரிங்கில் இருக்கும் காந்த வளையம், இவற்றில் எது என்று அந்தக் கோடு சொல்லாது. பி0562 (P0562) என்றால் வோல்டேஜ் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். யு என்று தொடங்கினால் யூனிட்டுகளுக்கு இடையே பேச்சு அறுந்திருக்கிறது. கோடு வந்த இடத்திலிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும், அங்கேயே முடிக்கக் கூடாது. ஒரு யூனிட்டை மாற்றச் சொன்னால், "அதுக்குப் போற கரன்டும் எர்த்தும் அளந்து பார்த்தீங்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியே நிறைய செலவை மிச்சம் பிடிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கைபேசியோடு இணையும் சின்ன ஸ்கேனரை வாங்கி வைத்துக்கொண்டு விளக்கு எரிந்ததும் கோடை அழித்துவிடுவது. ஸ்கேனர் வைத்திருப்பது நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பல கோளாறுகளுக்கு, அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, என்ஜின் எவ்வளவு சூடு, எத்தனை வோல்ட் என்பதையும் வண்டி பதிந்து வைக்கிறது. அழித்தால் அதுவும் போய்விடும். வந்து வந்து மறையும் கோளாறுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். முதலில் படம் எடுத்து வையுங்கள், அழிப்பதை அப்புறம் பார்க்கலாம்.

பேட்டரியை அலட்சியம் செய்வது

நான் பார்த்தவரை, மர்மமான மின்னணுக் கோளாறு என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பேட்டரிதான். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி காலி. செல்ஃப் எடுக்கும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். என்ஜின் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் அந்த ஒரு நொடிப் பள்ளத்தில் சில யூனிட்டுகள் தூங்கி எழுந்து ஆளுக்கொரு கோடைப் போட்டுவிடும். ஸ்டியரிங், கேமரா, கியர் என்று சம்பந்தமில்லாத பட்டியல் வரும். பேட்டரியை மாற்றினாலே அந்தப் பட்டியல் காணாமல் போவதுண்டு.

வாரக்கடைசி மலைப் பயணத்துக்கு மட்டும் வண்டியை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பூட்டி நிறுத்திய வண்டியும் சும்மா இருப்பதில்லை. சாவியின் சிக்னலுக்காகவும் அலாரத்துக்காகவும் கொஞ்சம் கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (Ah). 70 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஒரு மாதத்தில் பாதி போய்விடும். இதோடு டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி எல்லாம் சேர்ந்தால் இரண்டே வாரத்தில் படுத்துவிடலாம்.

பழைய பழக்கம் ஒன்று இன்னும் பட்டறைகளில் இருக்கிறது. டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். பழைய ஜீப்பில் அது சரி. இன்றைய வண்டியில் தயவுசெய்து விடாதீர்கள். பேட்டரி என்ற தாங்கல் போனதும் வோல்டேஜ் கண்ணிமைக்கும் நேரத்தில் பல மடங்கு எகிறி யூனிட்டுகளைச் சுட்டுவிடும். வண்டியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் இருப்பதும் அதே அளவு ஆபத்து.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கடைசி நெகட்டிவ் கிளிப்பை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், என்ஜினிலோ சேஸிலோ பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயுவுக்குப் பக்கத்தில் பொறி பறக்காது. சிக்னலில் தானாக அணைந்து ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், புதுப் பேட்டரியும் அதற்கென்றே வரும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகையாக இருக்க வேண்டும். விலை கூடுதல்தான். சாதாரணப் பேட்டரி அந்த வேலையைத் தாங்காது.

வயரை வெட்டிச் சேர்க்கும் வேலை

எல்இடி பார், பெரிய திரை, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூடுதல் ஹார்ன் என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டியை அலங்கரிக்காமல் யாருக்கும் இருக்க முடிவதில்லை. அலங்காரத்தைக் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். தவறு வயரிங்கில் நடக்கிறது. கடைக்காரர் அருகில் கிடைக்கும் ஒரு வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார். அது கேன் பஸ் வயராகவோ ஏர்பேக் வயராகவோ இருந்தால் தொல்லை அன்றே தொடங்கிவிடும். இல்லையென்றால் முதல் மழைக்காலத்தில் தொடங்கும். எல்இடி பாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்து, தண்ணீர் புகாத கனெக்டரோடு கரன்ட் எடுக்கச் சொல்லுங்கள். வண்டியின் மூல வயரை வெட்டாத, மாடலுக்கென்றே வரும் கப்ளர் செட் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குங்கள். வயரை வெட்டியிருந்தால், அந்த இடத்தில் வரும் கோளாறுக்கு வாரன்டி கேட்கும்போது உங்கள் கை தாழ்ந்துவிடும்.

டயரும் தார் ரோடும்

இது மின்னணுவில் சேராது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரே ஒரு டயர் புதியது, மற்ற மூன்றும் தேய்ந்தவை என்றால், புது டயரின் சுற்றளவு கூடுதல், அதனால் அது மெதுவாகச் சுற்றும். தானாகவே நான்கு சக்கரங்களுக்கும் விசை அனுப்பும் ஆல் வீல் டிரைவ் வண்டிகளுக்கு இது ஏதோ ஒரு சக்கரம் வழுக்குவதுபோலத் தெரியும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் விசையை இணைக்கும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடேறி, விளக்கைப் போட்டு நின்றுவிடும். டயரை ஜோடியாகவோ நான்காகவோ மாற்றுங்கள்.

தார், ஜிம்னி போன்ற, தேவைப்படும்போது மட்டும் நாமே ஃபோர் வீலில் போடும் பார்ட்-டைம் வண்டிகளில் தவறு வேறு மாதிரி. முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. ஃபோர் ஹையில் (4H, நான்கு சக்கர ஓட்டம்) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது, முறுக்கம் ஏறும். ஸ்டியரிங் கனத்து, திரும்ப டூ ஹைக்கு (2H, இரண்டு சக்கர ஓட்டம்) வராமல் சிக்கிக்கொள்ளும். ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று பணம் செலவழிப்பதற்கு முன், பத்து அடி நேராகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். முறுக்கம் விட்டுப் பெரும்பாலும் கழன்றுவிடும்.

இதற்கு நேர்மாறாக, வருஷக்கணக்கில் ஃபோர் வீலைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். திருகு சுவிட்ச் வைத்த வண்டிகளில் ஒரு சின்ன மோட்டார்தான் கியரை மாற்றுகிறது. அசையாமலே கிடந்தால் அது இறுகி, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். டொயோட்டா தன் பார்ட்-டைம் வண்டிகள் சிலவற்றின் கையேட்டில் மாதம் 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது. மண் பாதை ஒன்றைத் தேடிப் போய் ஓட்டுங்கள்.

தண்ணீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் உயரமான வண்டிகளும் தண்ணீரில் நின்றன. தாருக்கு 650 மில்லிமீட்டர், டிஃபெண்டருக்கு 900 என்று நிறுவனங்கள் ஆழம் சொல்கின்றன. அது மெதுவாக, ஓட்டிக்கொண்டே கடப்பதற்கான அளவு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிற்பதற்கானது இல்லை. நின்ற வண்டியில் கார்ப்பெட்டுக்குக் கீழே போகும் வயரிங்கிலும் கனெக்டர்களிலும் தண்ணீர் தங்கும். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும். செம்பில் பச்சைப் பூத்து, வாரங்கள் கழித்துத்தான் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அதனால் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, படம் எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்து உலர்த்த வற்புறுத்துங்கள்.

வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை என்ஜின் பகுதிக் கனெக்டர்களிலும் கேமராவிலும் நேராக அடிக்க விடுவதும் இதே வகைதான்.

டீசல் வண்டியை நகரத்துக்குள் மட்டுமே ஓட்டுவது

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதிமுறை வந்தபின் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வந்துவிட்டது. சேர்ந்த கரியை வண்டி தானே 600 டிகிரி அளவில் எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் சீரான வேகம் வேண்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் அலுவலகம், ஐந்து கிலோமீட்டர் வீடு என்று ஓடினால் அந்த வேலை பாதியிலேயே நிற்கும். கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசல் பல வண்டிகளில் என்ஜின் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஃபில்டரையே எடுத்துவிடலாம் என்று சொல்லும் பட்டறைகளின் பேச்சைக் கேட்க வேண்டாம். அது சட்டத்துக்கும் விரோதம், நாம் மூச்சுவிடும் காற்றுக்கும் கேடு.

புகையின் நச்சைக் குறைக்க ஆட்-ப்ளூ என்ற யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டிகளில் வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியவர்களும் உண்டு. 32.5 சதவீதம் யூரியா என்பது உண்மைதான், ஆனால் அது தாது நீக்கிய நீரில் கரைத்த மிகத் தூய யூரியா. உர மூட்டையிலுள்ள அசுத்தம், கரைசலைத் தெளிக்கும் ஊசித்துளையில் படிந்து, யூரியாவில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவு வைக்கும்.

எலியையும் மறக்கக் கூடாது. நிறுத்திய வண்டியில் காலையில் திடீரென்று விளக்குகள் எரிந்தால், ஸ்கேனருக்கு முன் பானட்டைத் திறந்து வயரைப் பாருங்கள். புகையிலைக் கட்டு கட்டும் நம் ஊர் வழக்கம் கொஞ்சம் உதவலாம். வண்டியில் தின்பண்டத் துணுக்கு விடாமல் இருப்பதும், ரொம்ப நாள் ஒரே இடத்தில் நிறுத்தாமல் இருப்பதும் அதைவிட உதவும்.

சர்வீஸுக்குப் போகும்போது "சென்சார் லைட் எரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த விளக்கு, எந்த வேகம், மழையா வெயிலா, வண்டி சூடாக இருந்ததா, அதற்கு முந்தைய வாரம் என்ன மாட்டினீர்கள், எந்த டயர் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விளக்கு எரியும்போது எடுத்த வீடியோவும் இருக்கட்டும். கோடு பட்டியலைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஏதாவது மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் வண்டியின் அந்தக் கிழிந்த வயர் இன்னும் என் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கிறது. பெரிய யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள் என்று எந்த நண்பர் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.