ரீவைல்டிங் ட்ரிப் போறீங்களா? நாங்க பண்ணின தப்ப நீங்களும் பண்ணாதீங்க

நடக்க ஆரம்பிச்சு பத்து நிமிஷம் கூட ஆகல, என் மச்சினன் மெதுவா பக்கத்துல வந்து, "அத்தான், இதுக்கா ஆளுக்கு இவ்வளவு பவுண்டு குடுத்தோம்? நம்ம ஊரு குளத்தங்கரை உடங்காடே இத விட நல்லா இருக்குமே"ன்னு காதுல கேட்டான். அவன் சொன்னதுல தப்பும் இல்ல. ரெண்டு பக்கமும் முள்ளுப்புதர், இடுப்பளவுக்கு களை, பன்னி கிண்டிப் போட்ட சேறு, அவ்ளோதான் கண்ணுக்குத் தெரிஞ்சது. நாங்க நின்ன இடம் இங்கிலாந்துல மேற்கு சசெக்ஸ்ல இருக்குற நெப் எஸ்டேட். ரீவைல்டிங்னு (நிலத்த மறுபடி இயற்கை கையிலயே விட்டுடுறது) சொன்னாலே இந்த நாட்டுல முதல்ல சொல்ற பேரு.

நானும் முதல் தடவை அதே மாதிரிதான் முழிச்சேன். அதுக்கப்புறம் இந்த மாதிரி பத்து பேர் குரூப்பா, கூட ஒரு கைடோட போற ட்ரிப் நாலஞ்சு போயாச்சு. ஒவ்வொண்ணுலயும் ஏதாவது ஒரு சொதப்பல், பாதி என் தப்பு, பாதி யாரும் முன்னாடியே சொல்லாததால வந்தது.

முதல் தப்பு, போற இடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம போறது. நெப் ஒரு காடே கிடையாது, 3,500 ஏக்கர் விவசாயப் பண்ணை. மழை பெஞ்சா கஞ்சி, வெயில் அடிச்சா காங்க்ரீட், அப்படி ஒரு களிமண்ணு. பால் பண்ணை, கோதுமைன்னு எல்லாம் பண்ணிப் பாத்து நஷ்டம் தாங்காம 2000ல அந்த மாதிரி விவசாயத்தையே நிறுத்திட்டாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்வேலியெல்லாம் பிடுங்கிட்டு நீளக்கொம்பு மாடு, எக்ஸ்மூர் குதிரை, டாம்வர்த் பன்னி, மான் எல்லாத்தையும் உள்ள விட்டு, நீங்களே பாத்துக்கோங்கன்னு விட்டுட்டாங்க. மாடு அந்தக் காலத்து காட்டுமாட்டுக்கு பதிலு, பன்னி காட்டுப்பன்னிக்கு பதிலு. இது தெரியாம போனா அங்க இருக்குறது எல்லாமே பராமரிக்காம விட்ட நிலம் மாதிரிதான் தெரியும்.

எங்க கைடு (அறுபது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு, நடை மட்டும் இருபது வயசு நடை) மச்சினன் முகத்த பாத்தே புரிஞ்சுக்கிட்டாங்க போல. ஒரு முள்ளுப்புதர் கிட்ட கூட்டிட்டுப் போய் குனிஞ்சு உள்ள பாருங்கன்னாங்க. பாத்தா புதருக்கு நடுவுல முழங்கால் உசரத்துல ஒரு ஓக் கன்னு, இலையெல்லாம் பளபளன்னு. புதருக்கு வெளிய நீட்டிட்டு இருந்த இலைய மட்டும் மாடு கடிச்சிருக்கு, உள்ள இருக்குறதுல ஒரு கடி கூட இல்ல. ஜேன்னு ஒரு பறவை, காக்கா ஜாதிதான், ஓக் கொட்டைய கொண்டு வந்து அங்கங்க மண்ணுல புதைச்சு வைக்கும், வச்ச இடத்துல கொஞ்சத்த மறந்துரும், அதுல முள்ளுக்குள்ள முளைச்சது மட்டும் பொழைச்சுக்கும். "முள்ளுதான் ஓக்குக்கு அம்மா"ன்னு இங்க ஒரு பழைய பேச்சே இருக்காம். பன்னி கிண்டின சேறும் அப்படித்தான், அந்த வெறும் மண்ணுலதான் சாலோங்கற மரத்தோட விதை விழுந்து முளைக்குது, அந்த இலையத்தான் பர்ப்பிள் எம்பரர் பட்டாம்பூச்சியோட புழு தின்னுது, அந்தப் பூச்சி பிரிட்டன்லயே அதிகமா இருக்குற இடங்கள்ல இப்ப இது ஒண்ணு. இதக் கேட்டதுக்கப்புறம் மச்சினன் ஒவ்வொரு புதரா குனிஞ்சு பாக்க ஆரம்பிச்சுட்டான், அவன இழுத்துட்டு வர்றதுதான் பெரிய பாடு.

இன்னொண்ணும் சொல்லணும். நெப் வழியா பப்ளிக் ஃபுட்பாத் போகுது, காசு குடுக்காமலே யாரு வேணா நடக்கலாம். நாம காசு குடுக்குறது அந்த அம்மா புதருக்குள்ள குனியச் சொன்னதுக்குத்தான். அதனால ட்ரிப் புக் பண்றப்ப ஹோட்டல் எத்தனை ஸ்டார்னு பாக்குறதுக்கு முன்னாடி கைடு யாரு, அந்த இடத்துல எத்தனை வருஷமா நடக்குறாருன்னு கேளுங்க. நிறைய பேர் இத கேக்குறதே இல்ல.

அடுத்தது சீசன். இதுலதான் நான் வகையா ஏமாந்தேன். ஒரு ட்ரிப் கம்பெனியோட வெப்சைட்ல நைட்டிங்கேல் படம் பெருசா போட்டிருந்தாங்க, இந்தப் பறவை பாட்ட நேர்ல கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, பசங்களுக்கு லீவு ஆகஸ்ட்லதானே, சரின்னு ஆகஸ்ட்ல புக் பண்ணிட்டேன். போய் கேட்டா, நைட்டிங்கேல் ஏப்ரல் பாதில இருந்து ஜூன் ஆரம்பம் வரைக்கும்தான் பாடும், இப்ப பாதிக்கு மேல ஆப்பிரிக்கா கிளம்பியிருக்கும்னு கைடு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. காசு வாங்குறப்ப யாரும் சொல்லல. நானும் கேக்கல. மூணு நாளும் ஒரு குருவி சத்தம் கூட ஒழுங்கா கேக்கல, ஆகஸ்ட்ல பொதுவாவே பறவைங்க இறகு உதிர்த்துட்டு கம்முனு இருக்குமாம்.

அதனால முதல்ல எத பாக்கணும்னு முடிவு பண்ணிட்டு அதுக்கப்புறம் தேதி போடுங்க. நைட்டிங்கேலுக்கு மே முதல் பாதி. டர்ட்டில் டவ்னு ஒரு காட்டுப்புறா, பிரிட்டன் முழுக்க கிட்டத்தட்ட இல்லாமலே போயிட்டு வருது, பூனை உறுமுற மாதிரி சத்தம் போடும், அதுக்கு மே கடைசி, ஜூன். பர்ப்பிள் எம்பரருக்கு ஜூன் கடைசில இருந்து ஜூலை. ஆனா பட்டாம்பூச்சின்னு பூச்செடி பக்கம் தேடாதீங்க, அந்த ராஜா பூவையே சீண்ட மாட்டாரு, மரத்து உச்சியிலேயே சுத்துவாரு, கீழ இறங்குனா சாணி மேலதான் உக்காருவாரு. இறங்கி வரட்டும்னு இங்க சில பேர் இறால் பேஸ்ட் எல்லாம் தடவி வைக்கிறாங்க, நம்ம ஊரு கருவாட்டுக்கும் வருவாரோ என்னவோ. மான் சண்டை பாக்கணும்னா அக்டோபர்.

தேதி மாதிரியே நேரமும். பீவர் (ஆத்துல மரக்கிளைய வச்சு அணை கட்டுற பிராணி, பெரிய எலி மாதிரி இருக்கும்) பாக்கணும்னா பொழுது சாயுற நேரம்தான். ஜூன்ல இங்க சூரியன் மறையவே ஒம்பதே காலுக்கு மேல ஆயிரும், ஸ்காட்லாந்து வடக்குல பத்து மணி தாண்டிரும். ஏழு மணிக்கு டின்னர், எட்டு மணிக்கு ஓய்வுன்னு ட்ரிப் ப்ளான்ல போட்டிருந்தா அவங்க பீவர் காட்டுற உத்தேசத்துல இல்லன்னு அர்த்தம். சின்னப் பசங்க இருந்தா மத்தியானமே தூங்க வச்சு கூட்டிட்டுப் போங்க.

பீவர்னதும் ஞாபகம் வருது, சில பேர் இத தமிழ்ல நீர்நாய்னு எழுதுறாங்க. நீர்நாய் வேற, அது மீன் பிடிச்சுத் தின்னும். பீவர் சுத்த சைவம், மரப்பட்டையும் இலையும்தான். கூத்து என்னன்னா, டெவன்ல பீவர் வாழுற ஆத்தோட பேரே ஆட்டர், அதாவது நீர்நாய் ஆறு. பிரிட்டன்ல பீவர் அழிஞ்சு நானூறு வருஷம் ஆச்சு, 2009ல ஸ்காட்லாந்து நாப்டேல்ல நார்வேல இருந்து கொண்டு வந்து விட்டாங்க, இந்த ஆட்டர் ஆத்துல எப்படியோ வந்து சேர்ந்தத அஞ்சு வருஷம் சோதனைன்னு விட்டுப் பாத்து, 2020ல இருந்துட்டுப் போகட்டும்னு கவர்ன்மென்ட்டே சொல்லிருச்சு. ஆனா நிறைய இடத்துல பீவர் இன்னும் வேலிக்குள்ளதான் இருக்கு. நீங்க போறது வேலி போட்ட இடமா, திறந்த ஆறான்னு கேட்டுக்கோங்க. வேலி இருந்தா பாக்குற வாய்ப்பு கூட, ஆத்துல பாத்தா கிடைக்கிற சந்தோஷம் வேற.

கான்டர்பரி பக்கத்துல ப்ளீன் காட்டுல இருக்குற பைசனும் வேலிக்குள்ளதான். 2022 ஜூலைல மூணு பெண் பைசன விட்டாங்க, செப்டம்பர்லயே ஒண்ணு கன்னு போட்டுருச்சு, அது சினையா வந்ததே யாருக்கும் தெரியல. ஊட்டி பக்கம் ரோட்டுல நிக்கிற காட்டுமாட்ட மனசுல வச்சுக்கிட்டு இத பாக்கப் போகாதீங்க, இது ஐரோப்பா பைசன், வேற ஜாதி. ஓநாய், கரடி வருமான்னு ஒருத்தர் எங்க குரூப்ல ரெண்டு நாளா கேட்டுட்டே இருந்தாரு. அதெல்லாம் இந்த நாட்டுக் காட்டுல அழிஞ்சு பல நூறு வருஷம் ஆச்சு. எந்த மிருகமா இருந்தாலும், கண்டிப்பா காட்டுவோம்னு ஒரு கம்பெனி கேரண்டி குடுத்தா எனக்கு அப்பவே சந்தேகம் வந்துரும், என்ன, சோறு வச்சுக் கூப்பிடுவாங்களா?

ஓநாய் இல்லாததுல இன்னொரு விஷயம் இருக்கு, நம்ம ஆளுங்க பாதி பேர் இதுலதான் அதிர்ச்சி ஆகுறாங்க. மாடு, மான், பன்னி பெருகிட்டே போனா முள்ளு, கன்னு எதுவும் மிஞ்சாது. அடிச்சுத் திங்க ஓநாய் இல்ல, அதனால மனுஷந்தான் எண்ணிக்கைய குறைக்கிறான், அந்தக் கறிய விக்கவும் செய்றாங்க. நெப்ல சாயங்காலம் நீங்க ஃபோட்டோ எடுத்த அதே நீளக்கொம்பு மாடு ராத்திரி தட்டுல வரலாம். எனக்கு இது நியாயமாத்தான் படுது, ஆனா என் மாமியார் கூட வந்திருந்தா அங்கேயே பஸ் புடிச்சு திரும்பியிருப்பாங்க. சைவம்னா, பீஃப் வேண்டாம்னா, புக் பண்றப்பவே எழுதிக் குடுத்துருங்க, அங்க போய் சொன்னா பெரும்பாலும் சிப்ஸும் பச்சை இலையும்தான். நாங்க ஒரு டப்பா புளியோதரையும் ஃப்ளாஸ்க்ல டீயும் இல்லாம கிளம்புறதில்ல.

ஸ்காட்லாந்து போறவங்களுக்கு ஒரே வார்த்தை, மிட்ஜ். கண்ணுக்கு சரியா தெரியாத பொடிக் கொசு, காத்து இல்லாத ஈரமான சாயங்காலத்துல மேகம் மாதிரி வந்து மொய்க்கும். ஜூலை, ஆகஸ்ட் உச்சம். தலைக்குப் போடுற வலை சில பவுண்டுதான், வெக்கப்படாம வாங்கிக்கோங்க. மல் தீவுல வெள்ளை வால் கழுகு பாக்கப் போனப்ப நான் வாங்கல. எட்டடி அகல இறக்கை, 1918ல பிரிட்டன்ல கடைசிக் கழுகையும் சுட்டுட்டு, 1975ல இருந்து நார்வே குஞ்சுகள கொண்டு வந்து மறுபடி உண்டாக்கின இனம், அது தலைக்கு மேல போகுது, நான் ரெண்டு கையாலயும் மூஞ்சிய சொறிஞ்சுட்டு நிக்கிறேன்.

மிட்ஜ் அரிக்கும், அவ்ளோதான். உண்ணி அப்படி இல்ல, எல்லா ஊர்லயும் இருக்கு, கடிச்சா லைம்னு ஒரு பாக்டீரியா நோய் வரலாம். முழுக்கால் பேண்ட், பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கணும், பாக்க கோமாளி மாதிரி இருந்தாலும் பரவால்ல. ராத்திரி ரூமுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பசங்களுக்கு தலைமுடி ஓரம் எல்லாம் பாக்கணும். ஒட்டியிருந்தா தீக்குச்சி, எண்ணெய் வைத்தியம் எதுவும் வேண்டாம், உண்ணி எடுக்குற கொக்கி மருந்துக்கடையில கிடைக்கும், இல்லன்னா மெல்லிய இடுக்கியால தோலோட ஒட்டிப் புடிச்சு மெதுவா நேரா எடுங்க. அப்புறம் சில வாரத்துக்குள்ள அந்த இடத்துல வட்டமா சிவந்து பெருசாகிட்டே போனாலோ காய்ச்சல் மாதிரி இருந்தாலோ டாக்டர்கிட்ட போய் உண்ணி கடிச்சுதுன்னு சொல்லுங்க.

சாமான் விஷயம் சுருக்கமா. எட்டுக்கு நாப்பத்திரண்டு (8x42, அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டுறது) பைனாகுலர் போதும், அதுக்கு மேல பெருசாக் காட்டுறத வாங்கினா கை ஆடுறது தெரியும். சரசரன்னு சத்தம் போடுற ரெயின்கோட் வேண்டாம், பத்து பேர் போட்டு நடந்தா கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை சத்தம்தான் கேக்கும்.

சின்ன குரூப்புன்னா நாம ஒருத்தர் பண்றது ஒம்பது பேர் காசுல கை வைக்கிறது. ஃபோன்ல பறவை பாட்ட போட்டு கூப்பிடாதீங்க. வேற ஆம்பளப் பறவை தன் இடத்துக்கு வந்துருச்சுன்னு நெனச்சு அது தீனி தேடுறத விட்டுட்டு சண்டைக்கு அலையும். கழுகுக் கூடு கிட்ட போய் தொந்தரவு பண்ணினா இங்க இருக்குற 1981 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், தெரியாதுன்னு சொன்னாலும் கைடு பேருதான் முதல்ல கெடும். கூடு இருக்குற இடத்த லொக்கேஷனோட குரூப்ல ஷேர் பண்றதும் வேண்டாமே, முட்டை திருடுற கூட்டம் இன்னும் இங்க இருக்கு.

மச்சினன் விஷயம் பாதில நிக்குது. அன்னிக்கு நடை முடியுற நேரம், ஒரு பழைய ஓக் உச்சில பெரிய சுள்ளிக் கூடு, அதுல ரெண்டு செங்கால் நாரை, நம்ம ஸ்கூல்ல படிச்ச அதே செங்கால் நாரைதான். 1416ல எடின்பர்க் சர்ச் மேல கூடு கட்டினதுக்கப்புறம் பிரிட்டன்ல குஞ்சு பொரிச்சதா பதிவே இல்லாம இருந்து, 2020ல இந்த நெப்லதான் மறுபடி பொரிச்சுது. இதுக்கு குரல் கிடையாது, கழுத்த பின்னால வளைச்சு முதுகுல சாச்சுக்கிட்டு அலகையே தட்டும், டகடகடகன்னு. மச்சினன் அசையாம நின்னு ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அங்கேயே அவங்க அம்மாவுக்கு அனுப்பினான். கார் கிட்ட வந்து சேர்றதுக்குள்ள பதில் வந்துருச்சு, "ஏல, நாரைன்னு சொல்லி அனுப்பியிருக்க, எவனோ டைல்ஸ் உடைக்கிற சத்தம்லா கேக்கு."