ஏஸ் ஜோடியும் தோற்கும்: டோர்னமென்ட் போக்கரில் வேரியன்ஸைச் சமாளிக்க

ஃப்ளாப்புக்கு (எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) முன்பே ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் ஆல்-இன் (சிப் முழுவதையும் பந்தயம் வைப்பது) ஆனால், ஏஸ் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். அதாவது ஐந்தாறு தடவையில் ஒருமுறை தோற்றே தீரும். டோர்னமென்ட்டில் மேலே போக இப்படிப் பல ஆல்-இன்களைத் தாண்ட வேண்டும். 80 சதவீதம் சாதகமான ஐந்து கைகளை (சீட்டுச் சுற்றுகளை) அடுத்தடுத்து ஜெயிக்க வாய்ப்பு 33 சதவீதம்தான். சரியாக ஆடியும் முடிவு இப்படி ஏறி இறங்குவதுதான் வேரியன்ஸ்.

சீட்டைவிட அதிகமாக ஆட்டுவிப்பது பரிசுப் பங்கீடு. 2023 உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவெண்ட்டில் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஆடியவர்கள் 10,043 பேர். பரிசு 1,507 பேருக்கு. அவர்களில் கடைசியாக இருந்தவருக்கு 15,000 டாலர், முதல்வருக்கு 1.21 கோடி டாலர். பணம் உச்சியில்தான் குவிகிறது. ஆயிரம் பேர் ஆடும் போட்டியில் சராசரி ஆட்டக்காரரைவிட இரண்டு மடங்கு அதிகமாக ஜெயிக்கிற திறமை உங்களுக்கு இருந்தாலும், 500 போட்டிக்கு ஒருமுறைதான் முதலிடம். வாரம் மூன்று ஆடினால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ஐந்து போட்டிக்கு ஒன்றில் பரிசு எடுப்பவருக்கும், 300 போட்டிக்குள் தொடர்ந்து 20 போட்டி வெறுங்கையோடு போக ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அதனால் முதலில் கையிருப்பு. வீட்டுச் செலவோடு கலக்காத பணத்தில் குறைந்தது 100 பை-இன் (ஒரு போட்டியின் நுழைவுக் கட்டணம்) வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஆடும் போட்டி என்றால் 200. 50 டாலர் போட்டிக்கு 5,000 டாலர். அது 3,750-க்கு இறங்கினால் மறுபேச்சில்லாமல் சின்னப் போட்டிக்கு இறங்குங்கள். ரீ-என்ட்ரி (தோற்றபின் மறுபடி கட்டணம் கட்டி நுழைவது) ஒவ்வொன்றையும் தனிப் பை-இன்னாகவே கணக்கில் வையுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, ஒரே ராத்திரியில் நான்கு பை-இன் போனதை ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது நோட்டு. ஒவ்வொரு ஆல்-இன்னுக்கும் மூன்று விஷயம் எழுதினால் போதும்: பிக் பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயம்) கணக்கில் பாட் (நடுவில் சேர்ந்த சிப்) அளவு, சிப் உள்ளே போன நொடியில் உங்கள் ஜெயிக்கும் சதவீதம், முடிவு. சதவீதத்தை ஈக்விட்டி கால்குலேட்டரில் பாருங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். சூட் (சீட்டின் சின்னம்) சேராத ஏஸ்-கிங் குயின் ஜோடியிடம் தோற்றதைத் துரதிர்ஷ்டம் என்று புலம்புபவர்கள் ஏராளம்; அங்கே அவர்களுக்கு இருந்தது 43 சதவீதம்தான். 40 ஆல்-இன் சேர்ந்ததும் சதவீதங்களைக் கூட்டி 100-ஆல் வகுங்கள்; எத்தனை ஜெயித்திருக்க வேண்டும் என்பது வரும். 25 ஜெயித்திருக்க வேண்டிய இடத்தில் 21 என்றால் அது சாதாரணம்: திட்டவிலக்கமே (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) சுமார் 3. இன்னொரு எச்சரிக்கை: 20 சதவீதத்தில் இருந்து ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) ஜெயித்ததையும் எழுத வேண்டும். அது விடுபட்டால் நோட்டு பொய் சொல்லும்.

ஆல்-இன் கணக்கு சரியாக இருந்தும் பணம் கரைந்துகொண்டே போனால், ஆல்-இன்னுக்கு வராத கைகளில் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் பிக் பிளைண்ட் இடத்தில் இருந்து போடும் தேவையற்ற கால்தான் (எதிராளியின் பந்தயத்துக்கு ஈடாக வைப்பது).

மேசையில் பெரிய பாட் போனதும் செய்ய வேண்டியது ஒரு வகுத்தல். 21,000 சிப் மீதி, பிளைண்ட் 750/1,500 என்றால் உங்களிடம் 14 பிக் பிளைண்ட். 40 இருந்தபோது ஆடிய ஆட்டம் இனி இல்லை. சின்ன ஜோடியை வைத்து செட் (ஜோடியோடு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) தேடி கால் போட வசதி இல்லை, ஏனென்றால் ஃப்ளாப்பில் செட் விழுவது 12 சதவீதத்துக்கும் குறைவு. இனிப் பெரும்பாலும் ஷோவ் (எல்லாச் சிப்பையும் வைப்பது) அல்லது ஃபோல்டு (சீட்டை விட்டுவிடுவது). போனதை ஒரே கையில் பிடிக்கும் வேகத்தில்தான் மிச்சமும் போகிறது. ரீ-என்ட்ரி எத்தனை என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். புதிதாகக் கிடைக்கும் சிப் 20 பிக் பிளைண்டுக்குக் கீழே வரும் கட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

ஊசலாட்டத்தையே குறைக்க இரண்டு வழி: கூட்டம் குறைந்த போட்டியைத் தேர்ந்தெடுப்பது, உங்கள் பங்கில் பாதியை விற்பது (பை-இன்னில் பாதியை இன்னொருவர் கட்டி, பரிசில் பாதியை எடுத்துக்கொள்வார்). பாதி விற்றால் லாபமும் பாதி, ஏற்ற இறக்கமும் பாதி. பெரிய பை-இன்னுக்கு இது நல்ல பேரம். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது.